கடைசி ஸ்டேஷன்காரி

எங்கள் அண்ணிக்கு வழியில் இருக்கும் ஊர்கள் மேல் மரியாதை கிடையாது. கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி எல்லாமே அவரைப் பொறுத்தவரை வழியில் இருக்கும் ஊர்கள்தான். ஒரு ரயில் வந்து நின்று, பிறகு அந்த ஊரை விட்டுவிட்டு அப்பால் போகிறது என்றால் அந்த ஊரில் ஏதோ குறை இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. குறையில்லாத ஊர் அவர் பிறந்த ஊர். முத்துப்பேட்டைப் பக்கத்தில் ஒரு கிளைப்பாதையின் கடைசி ஸ்டேஷன். அதற்கு அப்பால் ரயில் கிடையாது. வயல்தான்.

ஊர்ப் பெயரை எழுதப்போவதில்லை. அண்ணி இப்போது இல்லை என்றாலும் அந்த ஊரில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு; ஊரைச் சொன்னால் ஆளைச் சொன்ன மாதிரி. ஜங்ஷனிலிருந்து அந்தக் கிளைப்பாதையில் ஏழு ஸ்டேஷன்கள். சிறிதும் பெரிதுமாகப் பாலங்கள் முப்பத்தொன்று. இதை நான் வேலையில்லாமல் எண்ணவில்லை. ரயிலில் போகும்போது பாலங்களை எண்ணிக்கொண்டிருந்தால் அவை இடிந்து விழுமோ என்ற நினைப்பு வராது.

கல்யாணமாகிப் பாபநாசத்துக்கு வந்த புதிதில், எங்க ஊர் எப்படி இருக்கு என்று தெருப் பெண்கள் அண்ணியிடம் கேட்டிருக்கிறார்கள். புதுப்பெண் என்ன சொல்ல வேண்டுமோ அதை அவர் சொல்லவில்லை.

“நல்லாத்தான் இருக்கு. ரயிலுகூட நிக்கிது. ஆனா மூச்சு வாங்கத்தான் நிக்கிது. எங்க ஊருக்கு வந்தா படுத்துக்கும்.”

என் அம்மா அன்று ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டார். மறந்துவிட்டார் என்றுதான் வீட்டில் சொல்லிக்கொண்டோம்.

அண்ணியின் ஊர்ப் பெருமை முழுவதும் ஒரு முட்டுக்கட்டையில் இருந்தது. தண்டவாளம் முடிகிற இடத்தில், வண்டி நிற்காமல் அப்பால் போய்விடக் கூடாது என்று பழைய தண்டவாளத் துண்டுகளை வளைத்து நட்டு, குறுக்கே கனமான மரக்கட்டை ஒன்றை முடுக்கி, சிவப்புப் பெயிண்ட் அடித்திருப்பார்களே, அதுதான். ரயில்காரர்கள் பஃபர் என்பார்கள். அண்ணிக்கு அது ‘முட்டு’. பிறந்த வீட்டுக்கு அவரோடு யார் போனாலும் முதலில் காப்பி, அடுத்தது முட்டு, அப்புறம்தான் கோயில். கோயில் நடை சாத்திவிடுவார்களே என்று யாராவது முனகினால், சாமி எங்கும் போகாது, வண்டி வந்துவிட்டால் முட்டுக்குக் கிட்டே போக முடியாது என்பார்.

அவரோடு நான் முதன்முறை போனபோது அதில் ஓர் ஆட்டைக் கட்டியிருந்தார்கள். இன்னொரு பக்கம் இரண்டு வேட்டியும் ஒரு பாவாடையும் காய்ந்துகொண்டிருந்தன. அண்ணி என்னைக் கடைசித் தண்டவாளத்தைக் குனிந்து பார்க்கச் சொன்னார். அதுவரை வெள்ளி மாதிரிப் பளபளவென்று வந்த இரும்பு, முட்டுக்குக் கொஞ்சம் முன்னால் துருப்பிடித்துச் சிவந்துவிட்டது. வண்டி எப்போதும் சற்று முன்னாலேயே நின்றுவிடும். அந்தக் கடைசித் துண்டின் மேல் சக்கரம் பட்டதே இல்லை.

“போட்ட நாள்லேருந்து ஒரு வண்டியும் இதும்மேல ஏறினதில்ல தம்பி. ஆனா இது இல்லாம முடியாதாம். இதான் உங்க ஆபீசு” என்றார் அண்ணி.

நான் அப்போது கூட்டுறவுத் தணிக்கையில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். அவர் அந்தப் பக்கம் திரும்பிய பிறகு நான் அந்தக் கட்டையைக் கையால் தொட்டுப் பார்த்தேன். வெயிலில் சுட்டது. ஒரு சங்கதி முடிகிற இடத்தை இப்படிச் சிவப்பு அடித்து முன்கூட்டியே சொல்லிவிடுகிற பொருள் உலகத்தில் அதிகம் இல்லை. எது எப்போது முடியுமோ என்று எதற்கெடுத்தாலும் பயப்படுகிற என் போன்றவனுக்கு அதன் பக்கத்தில் நிற்பது இதமாக இருந்தது. அண்ணியிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் ஊரெல்லாம் சொல்லிவிடுவார்.

இந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்ததே அந்த முட்டுக்கட்டையால்தான். அண்ணனுக்குப் பார்த்திருந்த பெண் இவர் இல்லை.

பெண் பார்க்க மூன்று பேராகப் போகக் கூடாது. அப்பா, அம்மா, அண்ணன் என்று மூன்று பேர் ஆகிவிட்டதால் பெரியப்பாவைச் சேர்த்தார்கள். நான்கு ஆயிற்று. இரட்டைப்படை வேண்டாம் என்று என்னைச் சேர்த்தார்கள். ஆக நான் போனது எண்ணிக்கைக்கு. எங்கே இறங்க வேண்டும் என்பது பெரியப்பாவின் பொறுப்பு. கடைசி ஸ்டேஷனுக்கு முந்தின ஸ்டேஷன். ஜங்ஷனில் புளியோதரையும் தயிர்சாதமும் சாப்பிட்டுவிட்டுக் கிளைப்பாதை வண்டியில் ஏறினோம். குறுவை அறுப்பு முடிந்த சமயம். ஜன்னல் வழியாக வைக்கோல் வாசனையோடு காற்று. ரயிலில் தூங்குவது எங்கள் குடும்பத்தில் பரம்பரைக் குணம். அண்ணனுக்கு அது கொஞ்சம் கூடுதல். எனக்குப் பத்தொன்பதாவது பாலம் வரை நினைவிருக்கிறது.

விழித்தபோது வண்டி நின்றிருந்தது. பெட்டியில் வேறு யாரும் இல்லை. என்ஜினைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பெரியப்பா வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, சரியான நேரத்துக்கு வந்துவிட்டோம் என்றார்.

ஸ்டேஷன் வாசலில் நெல் மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த ஒருவரிடம் பெண் வீட்டுக்கு வழி கேட்டோம். அவர் எங்கள் ஐந்து பேரையும் பார்த்தார். அம்மா கையிலிருந்த தாம்பாளத்தைப் பார்த்தார். அந்த வீடு முந்தின ஊரில் அல்லவா இருக்கிறது, திரும்புகிற வண்டி சாயங்காலம்தான், வெயிலில் நிற்க வேண்டாம், வீட்டுக்கு வந்து ஒரு வாய் காப்பி சாப்பிடுங்கள் என்றார். காப்பி கொண்டுவந்தவர் அண்ணி. விசாரித்ததில் தூரத்து உறவும் ஆயிற்று. சாயங்கால வண்டியில் ஏறும்போது அம்மா கையில் தாம்பாளம் இல்லை.

முந்தின ஊரில் அன்றைக்கு சொஜ்ஜியும் பஜ்ஜியும் ஆறிப்போயிருக்கும். அதை நினைத்து நான் இன்றைக்கும் சங்கடப்படுவதுண்டு. அண்ணி படமாட்டார். “அந்த முட்டு மட்டும் இல்லேன்னா உங்க குடும்பம் மொத்தமும் தூங்கிக்கிட்டே கடலுக்குள்ள போயிருக்கும். புடிச்சு நிறுத்துனமா இல்லியா?” என்பார். முட்டு நிறுத்தியதா, அவர் நிறுத்தினாரா என்று அவர் பிரித்துப் பேசியதே இல்லை.

ராமேஸ்வரத்துக்கும் திருச்செந்தூருக்கும் கன்னியாகுமரிக்கும் குடும்பத்தோடு போயிருக்கிறோம். மூன்றும் ரயில் முடிகிற ஊர்கள் என்பது தற்செயல் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். மதுரைக்குக் கூப்பிட்டபோது அண்ணி முழங்கால் வலிக்கிறது என்றார். சென்னை சென்ட்ரலில் வரிசையாகப் பாதைகள் வந்து முட்டி நிற்பதைப் பார்த்ததும் என்னை எண்ணச் சொன்னார். நான் ஒவ்வொன்றாகப் பார்த்து எண்ணிவிட்டு வந்து சொன்னேன். இத்தனை இருந்தால் எதற்கு மதிப்பு இருக்கும் என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கச் சொன்னார். கன்னியாகுமரியிலும் உதட்டைத்தான் பிதுக்கினார்.

“அந்தாண்ட கடலு. எந்த ரயிலும் பயந்து தானா நின்னுடும். அந்தாண்ட வயலு இருக்கணும் தம்பி. போனாப் போகலாம்னு இருக்கணும். அப்பயும் நிக்கணும்.”

அண்ணன் அப்படி நிற்கிற ஆள் இல்லை. கும்பகோணத்தில் ஒரு பாத்திரக் கடையில் கணக்குப் பார்த்தார். போவதும் வருவதும் ரயிலில். திரும்பி வரும்போது பாபநாசத்தில் இறங்க வேண்டியவர், மாதத்தில் இரண்டு மூன்று தடவையாவது தஞ்சாவூரில் கண் விழிப்பார். அண்ணி சோற்றைத் திரும்பச் சுட வைத்துக்கொண்டே, வழியில் இருக்கும் ஊரில் குடித்தனம் வைத்தால் இதுதான் கதி என்பார். அண்ணன் சிரிப்பார். அவர் கோபித்து நான் பார்த்ததில்லை.

ஓய்வு பெற்றுப் பல வருடம் கழித்து அண்ணன் மறக்க ஆரம்பித்தார். முதலில் சாவி, கண்ணாடி. பிறகு சாப்பிட்டதை. பிறகு ஆட்களை. என்னை யாரோ உரக்கடைக்காரர் என்று நினைத்து யூரியா விலை கேட்டார். ரயிலை மட்டும் மறக்கவில்லை. காலையில் குளித்து, விபூதி வைத்து, வெள்ளைச் சட்டை போட்டு, பையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய் முதலில் வருகிற வண்டியில் ஏறிவிடுவார். ஒருமுறை மயிலாடுதுறையிலிருந்து கூட்டி வந்தோம். இன்னொரு முறை திருச்சியிலிருந்து. வீட்டைப் பூட்டி வைத்துப் பார்த்தோம். கதவை இடிக்கவோ சத்தம் போடவோ மாட்டார். பையைப் பிடித்தபடி கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருப்பார், வண்டி தாமதம் என்று யாரோ சொல்லிவிட்டுப் போன மாதிரி. அதைப் பார்ப்பதற்கு அவர் கதவை இடித்திருக்கலாம்.

சுயபுத்தியில் எதையும் செய்வது நின்றுபோய், பக்கத்தில் இருப்பவர் செய்வதைச் செய்யும் பழக்கமும் வந்தது. நாலு பேர் எழுந்தால் எழுவார், நாலு பேர் உட்கார்ந்தால் உட்காருவார். ஒரு கல்யாணத்தில் இப்படியே மூன்று பந்தி சாப்பிட்டார். நான்காவதற்கும் இலை போட்டுவிட்டார்கள். நான்தான் எண்ணிக்கொண்டிருந்தேன் என்பதால் தடுக்க முடிந்தது.

சிங்கப்பூரில் இருக்கும் அவர்கள் மகன், பார்த்துக்கொள்ள ஆள் போடலாம் என்றான். அண்ணி கேட்கவில்லை. பாபநாசம் வீட்டைப் பூட்டிவிட்டு, அண்ணனைக் கூட்டிக்கொண்டு பிறந்த ஊருக்கே குடி போகிறேன் என்றார். அங்கே அவருக்கு அப்பா விட்டுப்போன வீட்டில் பாதி இருந்தது. எனக்குப் பகீரென்றது. அண்ணி, அந்த வீட்டிலிருந்து ஸ்டேஷன் இன்னும் பக்கமாச்சே என்றேன்.

“அதுக்குத்தான் தம்பி போறோம்.”

இரண்டு மாதம் கழித்துப் பார்க்கப் போனேன். அண்ணி கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அண்ணனைக் காணோம். எங்கே என்றேன். ரயிலில் என்றார். நான் எழுந்துவிட்டேன்.

“ஒக்காருங்க. சாப்பாட்டு நேரத்துக்கு வந்துடுவாரு.”

அவர் செய்திருந்த ஏற்பாடு இது. காலையில் ஒரு வண்டி அங்கிருந்து கிளம்பி ஜங்ஷனுக்குப் போகிறது. கொஞ்ச நேரம் அங்கே நின்றுவிட்டு அதே வண்டி, அதே பெட்டிகள், அதே கார்டோடு திரும்பி வருகிறது. அண்ணனுக்கு சீசன் டிக்கெட் வாங்கி, இட்லியும் தண்ணீரும் பையில் வைத்து, முட்டுக்குப் பக்கத்துப் பெட்டியில் ஜன்னலோரம் உட்கார வைத்துவிடுவார். வண்டி கிளம்பியதும் அவர் தூங்கிவிடுவார். ஜங்ஷனில் நல்ல தூக்கம். வண்டியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மாறிப் போகும் கார்டு ஒரு பார்வை பார்த்துக்கொள்வார். திரும்பி வரும் வழியில்தான் விழிப்பு. பிளாட்பாரத்தில் அண்ணி நிற்பார். அண்ணன் இறங்குவார். இறங்கியதும் பசிக்கிறது என்பார். முதல் மாதம் முழுவதும் அண்ணி கூடவே போய் வந்து பார்த்துவிட்டுத்தான் இப்படித் தனியாக அனுப்ப ஆரம்பித்தாராம்.

எனக்கு மனசு ஆறவில்லை. ஏழு ஸ்டேஷன், முப்பத்தொரு பாலம், இரண்டு பக்கமும் திறந்த கதவு. கட்டின புருஷனைப் பார்சல் மாதிரி அனுப்புகிறீர்களே என்று கொஞ்சம் காரமாகவே கேட்டுவிட்டேன்.

“பார்சலுக்கு அட்ரஸ் எழுதணும் தம்பி. இவருக்கு அது வேண்டாம். எப்படிப் போனாலும் இங்க வந்துதான் முட்டணும்.” கீரைக் காம்பை என் பக்கம் எறிந்தார். “சின்னப் புள்ளைய ஊஞ்சல்ல போட்டு ஆட்டினா நல்ல அம்மாங்குறீங்க. நான் ஆட்டினா மட்டும் தப்பா?”

சொன்னபடி மத்தியானம் வண்டி வந்தது. ஆறு பெட்டி. அண்ணன் ராஜா மாதிரி இறங்கினார். என்னைப் பார்த்து, யூரியா வந்துடுச்சா என்றார். பாபநாசத்தில் கதவருகே நின்ற முகம் அது இல்லை.

அந்த ஏற்பாட்டுக்கு ஆபத்து அண்ணியின் சொந்தத் தம்பியிடமிருந்து வந்தது. அவர் அதே ஊரில் உரக்கடை வைத்திருப்பவர். (அண்ணன் என்னை யாரென்று நினைத்தார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.) கிளைப்பாதையை அடுத்த டவுன் வரை நீட்டி மறுபக்கத்துப் பெரிய பாதையோடு சேர்க்க வேண்டும் என்று ஊரில் ஒரு குழு அமைத்திருந்தார்கள். இவர்தான் தலைவர். நியாயமான கோரிக்கைதான். படிக்கப் போகிற பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், மீன் ஏற்றுமதி செய்கிறவர்கள் எல்லோருக்கும் லாபம். வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார்கள். எல்லா வீடும் போட்டது, தலைவரின் அக்கா வீட்டைத் தவிர.

“போடக் கூடாதுன்னு நான் சொல்லலடா. தாராளமா நீட்டுங்க. ஆனா முட்டு இங்கயே இருக்கணும்” என்றார் அண்ணி.

“முட்டு இருந்தா ரயிலு எப்படிக்கா அந்தாண்ட போகும்?”

“அதத்தான் நானும் சொல்றேன்.”

தம்பி என்னைப் பார்த்தார். படித்தவன், நான் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று பொருள். அவர் போன பிறகு எடுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன். அண்ணி அன்றைக்குக் கிண்டல் செய்யவில்லை.

“பாதைய நீட்டினா இந்த வண்டி இங்க திரும்பாது தம்பி. தூங்கிக்கிட்டே போயிடுவாரு. அங்க யாரு நிப்பா?”

நான் கூரை ஓடுகளை எண்ண ஆரம்பித்தேன்.

குழு விடாமல் எழுதிப் போட்டதில் ஒருநாள் ரயில்வே அதிகாரி ஒருவர் நேரில் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. அன்று நானும் அங்கே இருந்தேன். ஒரு என்ஜினும் ஒரே ஒரு பெட்டியுமாக அவருடைய வண்டி வந்து பிளாட்பாரத்தில் நின்றது. மேளம், மாலை, பதினாறு தட்டிகள். எல்லாத் தட்டியிலும் ‘முட்டுக்கட்டையை அகற்று’ என்று எழுதியிருந்தது. முட்டுக்கட்டைக்கு முன்னால் நின்று அதிகாரியோடு படம் எடுத்துக்கொள்ளத் திட்டம். எடுக்க முடியவில்லை. அண்ணி வழக்கம்போல அண்ணனைக் காலை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து முட்டுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்திருந்தார். பட்டுப்புடவை வேறு. எந்தக் கோணத்தில் எடுத்தாலும் படத்தில் அவர்தான் தலைவர் மாதிரி இருந்தார்.

அதிகாரி நல்ல மனிதர். கிட்டே வந்து, அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்.

“பாதைய நீட்டினா இத என்ன பண்ணுவீங்க?”

“எடுத்துடுவோம்மா. அங்க எந்த இடத்துல முடியுதோ அந்த இடத்துல புதுசா வைப்போம்.”

“அங்க முடியாதாமே. வேற பாதையில போய்ச் சேந்துக்குமாமே.”

“ஆமாம். சேந்துட்டா வைக்க வேண்டியதில்ல.”

அண்ணி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். தம்பி கண்ணால் கெஞ்சினார். அதிகாரிக்கு என்ன தோன்றியதோ, குரலைத் தாழ்த்தாமலே சொன்னார்: “ஆனா நீங்க இப்பவே கவலைப்பட வேண்டாம்மா. சர்வே எடுக்கணும், நெலம் எடுக்கணும், ஆத்துல பாலம் கட்டணும். நான் ரிட்டையர் ஆகி, எனக்கப்புறம் வர்றவரும் ரிட்டையர் ஆகி, அதுக்கப்புறம்னு வச்சுக்குங்க.”

மேளக்காரர்கூட அடிப்பதை நிறுத்திவிட்டார். தட்டிகள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன. அண்ணி முகத்தில் மட்டும் வெளிச்சம் வந்தது.

“இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் மொத ஆளா போட்டிருப்பேனேடா. எங்க அந்தப் பேனா?” என்று தம்பியிடம் மனுவை வாங்கித் தன் பெயரை முழுசாக எழுதினார். நல்ல எழுத்து. அதிகாரி சொன்னது பொய்யில்லை. அந்தப் பாதை இன்றுவரை நீளவில்லை.

கையெழுத்துப் போட்டு முடித்துப் பேனாவை மூடும்போதுதான் அண்ணி கேட்டார், வண்டி ஏன் இன்னும் வரவில்லை என்று. ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஓடினேன். ஊரில் இருப்பது ஒரே பிளாட்பாரம், அதில் அதிகாரியின் வண்டி நிற்கிறது, அது பக்கத்து லைனுக்கு ஒதுங்குகிறவரை மத்தியான வண்டியை அவுட்டரில் நிறுத்தி வைத்திருக்கிறது என்றார்.

அவுட்டர் என்பது ஊருக்கு வெளியே, வயல் நடுவில். அங்கே வண்டி நின்றுவிட்டால் எங்கள் பக்கத்து ஜனங்கள் என்ன செய்வார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. பையைத் தூக்கிக்கொண்டு குதித்து, தண்டவாளத்தோடு நடந்து வந்துவிடுவார்கள். நாலு பேர் எழுந்தால் எழுந்துவிடுகிறவர் அந்த வண்டியில் இருக்கிறார்.

அண்ணி எழுந்ததில் நாற்காலி சாய்ந்தது. பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்டவாளத்தில் இறங்கி நடந்தார். சார் இன்னும் கிளம்பலக்கா, கொஞ்சம் இரு என்று தம்பி பின்னாலிருந்து கூப்பிட்டார். அண்ணி திரும்பவில்லை. நான் பின்னால் போனேன்.

சம்பா நடவு முடிந்திருந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர் நிரம்பிய வயல். வரப்புகூடச் சில இடங்களில் தெரியவில்லை. எதிரே ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். பள்ளிப் பிள்ளைகள், மீன் கூடைக்காரிகள், கைக்குழந்தையோடு ஒருத்தி. நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்து எண்ணினேன். நாற்பத்தாறு பேர். நாற்பத்தாறு பேரும் அண்ணன் இல்லை.

கடைசியாக வந்த கூடைக்காரியை அண்ணி நிறுத்தினார். வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர், கையில் பை, பார்த்தாயா என்று கேட்டார்.

“நான் பாக்கலியேம்மா. எல்லாரும் எறங்கிட்டாங்க. பொட்டி காலி.”

கொஞ்ச தூரத்தில் பாலம். கீழே வாய்க்கால் கரை தொட்டு ஓடியது. நான் நின்று எட்டிப் பார்த்தேன்.

“தண்ணியப் பாக்காதீங்க தம்பி. நடங்க” என்றார் அண்ணி. அவர் பார்க்கவே இல்லை.

வண்டி அமைதியாக நின்றிருந்தது. கதவுகளில் யாரும் இல்லை. முதல் பெட்டியின் ஜன்னலுக்குக் கீழே போய் அண்ணி கம்பியைப் பிடித்துக்கொண்டு எம்பினார். எட்டவில்லை. நான் எம்பினேன்.

அண்ணன் உட்கார்ந்திருந்தார். மடியில் பை. பெட்டி முழுவதும் அவர் ஒருவர்தான். நான் கையால் ஜாடை காட்டினேன். அண்ணி அப்படியே ஜல்லிக்கல் மேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு அங்கிருந்தபடியே, தெருவுக்கே கேட்கிற குரலில் அதட்டினார்.

“எல்லாரும் எறங்குறாங்கல்ல? நீங்க மட்டும் என்ன ஒக்காந்திருக்கீங்க?”

அண்ணன் ஜன்னலில் முகத்தை வைத்துக் கீழே பார்த்தார். விவரம் தெரியாத ஒரு பெண்ணுக்குப் பொறுமையாகச் சொல்கிற மாதிரிச் சொன்னார்: “அவங்க தெரியாம எறங்குறாங்கம்மா. முட்டு இன்னும் வரல.”

அண்ணி தலையைக் குனிந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதற்குள் கார்டு பின்பக்கத்திலிருந்து ஓடி வந்தார். அண்ணி ஏறப் போவதைப் பார்த்து, இந்த வயதில் தரையிலிருந்து ஏறக் கூடாது என்றார். நடந்து போகும் வயதா எனக்கு என்று அண்ணி கேட்டார். கார்டு மேலிருந்து கை கொடுக்க, என் தோளில் ஒரு கால் வைத்து ஏறிவிட்டார். பட்டுப்புடவையில் கிரீஸ். என் சட்டையில் சேறு. நான் எப்படி ஏறினேன் என்பதை எழுதாமல் விடுகிறேன்.

அண்ணி போய் அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்தார். அண்ணன் மரியாதையாகப் பையை நகர்த்தி, கால் வைக்க இடம் விட்டார். முன்னால் அதிகாரியின் வண்டி ஒதுங்கியிருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் எங்கள் வண்டி ஒரு குலுக்கலோடு நகர்ந்தது. அண்ணன் எதிரே இருப்பவரை நன்றாகப் பார்த்தார்.

“நீங்க எங்கம்மா எறங்கணும்?”

அண்ணி புடவைக் கறையைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: “நீங்க எறங்குற எடத்துலதாங்க.”

“அப்பக் கவலையில்ல” என்றார் அண்ணன். “தூங்கலாம்.”